முந்நூறு நாள்

"வெட்கம் மானம் ஏதாவது மிச்சம் இருக்காடி உனக்கு?"

படுக்கையறை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள் நிஸ்ரீன். கனடாவின் மிசிசாகாவில் அவள் குரல் எட்டாத சிரியாக்காரர் வீடு கிடையாது.

தங்கை ரூலா பெட்டிக்குள் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தாள். மகள் தீமாவின் பெட்டி ஏற்கெனவே கூடத்தில் தயாராக நின்றது. மறுநாள் காலை விமானம். கத்தாரில் இருக்கும் தோஹாவுக்கு. முனீரிடம்.

எந்த முனீர்? போன செப்டம்பரில், "நீயும் வேண்டாம், உன் குடித்தனமும் வேண்டாம்" என்று போனிலேயே ரூலா கழற்றிவிட்டாளே, அதே முனீர்.

"பதினோரு மாசம் பிரிஞ்சு இருந்தாச்சு. இன்னும் ஒரே ஒரு மாசம். வருஷம் முடிஞ்சா விவாகரத்து. வக்கீலைப் பிடிச்சுக் கொடுத்தவ நான். இப்பப் போய் அவனோட ஒரே வீட்டுல குடியிருந்தா எல்லாம் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும், தெரியுமில்ல?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சேதான் போறியா! வந்த புதுசுல பதினாலு மாசம் இங்க பீட்சா சுமந்தான். எஞ்ஜினீயர் வேலைன்னதும் தோஹாவுக்கு ஓடிட்டான். அப்புறம் வருஷத்துக்கு ஒரு வாரம், விருந்தாளி மாதிரி. வாசல்ல பனியை அள்ளினது யாரு? தீமா காய்ச்சல்ல கிடந்தப்ப ஆஸ்பத்திரிக்கு ஓடினது யாரு?"

"நான்தான். நீயும் பின்னாடியே வந்து டாக்டரைத் திட்டின."

"அவன் திட்டு வாங்கற மாதிரி இருந்தான்."

பேசிக்கொண்டே நிஸ்ரீன் பெட்டிக்குள் கையைவிட்டு ஒரு கண்ணாடி ஜாடியை வெளியே எடுத்தாள். எண்ணெயில் ஊறும் குட்டிக் கத்தரிக்காய்கள்.

"மக்தூஸா? அவனுக்கு இது ஒண்ணுதான் குறைச்சல்!"

"எனக்குக்கா. அவன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே சாப்பிடணும்னா, தட்டுலயாவது ஏதாவது நல்லதா இருக்க வேண்டாமா?"

நிஸ்ரீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டாள்.

"இதோ பாரு. அவனை நீ விரட்டக்கூட வேண்டாம். அஞ்சு வருஷத்துல ரெண்டு வருஷம் இந்த நாட்டுல இருந்தாத்தான், நிரந்தரமா தங்கறதுக்குக் கொடுத்த பி.ஆர். நிக்கும். அவனுக்கு முந்நூறு நாள் குறையுது. அடுத்த ஜூலையோட அது காலி. சனியன் தானா விலகுது, நீ போய் வெத்தலை பாக்கு வைக்கிற!"

"அவன் வேலையும் ஜூலையோட முடியுது. அதுவரைக்கும் கம்பெனி விடாது. முடிஞ்சா கத்தார் விரட்டும். பி.ஆரும் போச்சுன்னா எங்க போவான்? ஊர்ல, ஹோம்ஸ்ல, குண்டு விழுந்து வீடு இருந்த இடத்துல இப்ப பள்ளம்தான் இருக்கு."

"பள்ளத்துல இறங்கி உக்காரட்டும்!"

ரூலா நிமிர்ந்து பார்த்தாள். நிஸ்ரீன் கொஞ்சம் தணிந்தாள். கொஞ்சம்தான்.

"மூணு வருஷம் ஒத்தையா கிடந்து, போன மாசம்தான் குடியுரிமை வாங்கின. கொடியைப் பிடிச்சுக்கிட்டுப் போட்டோ எடுத்த. நான்கூட அழுதேன். ஜட்ஜ் முன்னாடி கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்தது எதுக்குடி? அவன் சாக்ஸைத் துவைக்கவா?"

"அக்கா, கொஞ்சம் இது மேல உக்காரேன். மூட மாட்டேங்குது."

நிஸ்ரீன் பெட்டிமேல் உட்கார்ந்தாள். அவள் கனத்துக்குப் பெட்டி அடங்கியது, வாய் அடங்கவில்லை.

"அவனுக்கு நாள் குறைஞ்சா அவன்தானே இங்க வந்து உக்காரணும்? நீ அங்க போய் உக்காந்தா யாருக்கு என்ன புண்ணியம்?"

ரூலா குனிந்து ஜிப்பை இழுத்து முடித்தாள்.

"பெண்டாட்டி கனடாக் குடிமகளா இருந்தா, வெளிநாட்டுல அவகூட ஒரே வீட்டுல இருக்கிற நாளெல்லாம் புருஷனுக்கு இங்க இருந்த நாளாத்தான் எண்ணுவாங்கக்கா. முந்நூறு நாளும் பல்லைக் கடிச்சிட்டு இருந்துட்டு வந்து, அவனை நல்லபடியா விவாகரத்து பண்ணிக்கிறேன். அதுக்கப்புறம் தீமா பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற தூரத்துல அவ அப்பா இருக்கணும்."