உதைக்காத பிள்ளை

வயிற்றிலிருக்கும் பிள்ளைகளைக் கால்பந்து அணி தேர்ந்தெடுக்கும் நாள் அது. ஏழு மாதக் கர்ப்பிணியான ஸ்டெல்லாவின் வயிற்றில் அணிக்காரர் கருவியை வைத்தார்.

"இந்த வருஷம் மொதல்ல கோல்கீப்பருங்கதாம்மா. கைய நீட்டுற புள்ளைங்க வேணும். உதைக்கிறதுங்கள போன வருஷமே எக்கச்சக்கமா எடுத்துட்டோம்."

கணவன் இருதயம் அவள் வயிற்றருகே குனிந்தான். "கொஞ்ச நேரம் கால ஆட்டாத கண்ணு," என்று கெஞ்சினான்.

பிள்ளை கையை மட்டும் நீட்டியது. ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அணிக்காரர் கிளம்பினார்.

வாசலைத் தாண்டியிருக்க மாட்டார். வயிறு புடைக்க ஓர் உதை விழுந்தது.

பிள்ளை முதன்முதலாக உதைத்த அன்று தெருவுக்கே மிட்டாய் கொடுத்த இருதயம், ஓடிப்போய்க் கதவைச் சாத்தினான். "யாரும் பாத்துடலயே?"

தடவிக்கொடுப்பதா, அமுக்கிப் பிடிப்பதா என்று தெரியாமல் ஸ்டெல்லாவின் கை அந்தரத்தில் நின்றது.