வாலின் உயரம்

பெருச்சாளிகளும் எறும்புகளும் பேசி முடித்துவிட்டார்கள். பெருச்சாளி வளைகளில் நெல் சுமக்கும் எறும்புக்கு இனி நாள் கூலி ஒன்றல்ல, இரண்டு நெல். அதை வயலின் எல்லா வளைகளுக்கும் விதிக்கலாமா என்று நாட்டாமை தவளையார் கூட்டம் கூட்டினார்.

சுண்டெலி கோட்டைச்சாமியும் போனான். அவனிடம் வேலை பார்த்த ஒரே எறும்பு செவ்வந்தி, வழக்கம்போல் அவன் வால் நுனியில் உட்கார்ந்து வந்தாள். வேலை முடிந்து களைத்தவளை அவன் ஒருநாளும் நடக்கவிட்டதில்லை.

"பெருச்சாளிக்குக் குதிர் இருக்கு. என் வளையில நாலு கதிர்தான். ரெண்டு குடுத்தா தை பிறக்கிறதுக்குள்ள நான் பட்டினி," என்றான் கோட்டைச்சாமி. "இவ எனக்குத் தங்கச்சி மாதிரி. தங்கச்சிகிட்ட யாராச்சும் கூலி பேசுவாங்களா?"

"தங்கச்சின்னா பாகம் கேப்பாளே!" என்று ஒரு பெருச்சாளி சீண்ட, கூட்டம் சிரித்தது.

"வேண்டாங்கிறவங்க வாலைத் தூக்குங்க," என்றார் தவளையார்.

கோட்டைச்சாமி வாலைத் தூக்கினான். கூடவே செவ்வந்தியும் உயர்ந்தாள். அத்தனை உயரத்திலிருந்து அவள் எதையும் பார்த்ததே இல்லை. வரப்புக்கு அப்பால், பெருச்சாளி வளை எறும்புகள் ஒரு நெல்லைச் சுமந்து, இன்னொன்றை உருட்டிக்கொண்டு வீடு திரும்பின.

தூக்கிய வால்களே அதிகம், மற்ற வளைகளில் பழைய கூலிதான் என்று தவளையார் தீர்ப்புச் சொன்னார்.

"முடிஞ்சுது தங்கச்சி. வாலை இறக்கட்டுமா?"

"இன்னும் கொஞ்ச நேரம் தூக்கியே வைங்கண்ணே," என்றாள் செவ்வந்தி.