நாற்பது நாள் காவல்

மர்கிலான் நகரத்தில் குழந்தை பிறந்த வீட்டுக்குள் நாற்பது நாளைக்கு வெளியாள் நுழையக்கூடாது. குல்சனம் பிள்ளை பெற்ற இருபத்திரண்டாம் நாள் மதியம், அவள் கணவனுடைய அத்தை சவ்ரினிசா சுடச்சுட ரொட்டியோடு வாசலில் வந்து நின்று இருமினாள். போன குளிர்காலத்தில் காசநோயில் இறந்துபோனவள் அவள்.

"குழந்தைக்கு ஒரே ஒரு முத்தம் குடுத்துட்டுப் போயிடறேன், மருமகளே."

"கிட்ட வராதீங்க அத்தை. ரெண்டு வாரத்துக்கு மேல இருமினா சளியை டெஸ்டுக்குக் குடுங்கன்னு நர்ஸ் தலைபாடா அடிச்சுக்கிட்டாளே, கேட்டீங்களா? இப்பப் பாருங்க, செத்தும் இருமல் நிக்கல!"

உள்ளேயிருந்து மாமியார் கத்தினாள். "வாசலுக்கு வந்தவங்களைத் துரத்துறியே, வெட்கமா இல்ல உனக்கு?"

"இல்ல. பச்சப்புள்ள இருக்கிற வீடு. உயிரோட இருக்கறவங்களுக்கும் இதே சட்டம்தான்."

குல்சனம் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

அத்தை மறுநாளும் வந்தாள், அதற்கு அடுத்த நாளும் வந்தாள். குல்சனம் திறக்கவில்லை. நாலாம் நாள் இருமல் சத்தம் தள்ளிக் கேட்டது. கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். அத்தை தெருவுக்கு அந்தப் பக்கம் மல்பெரி மரத்தடியில் நின்றிருந்தாள். மறுபடி இருமல் வந்தபோது முகத்தைத் திருப்பி, முழங்கையை மடித்து வாயைப் பொத்திக்கொண்டாள்.