மாப்பிள்ளைக்கு ஒரு சார்ஜர்

எங்கள் வீட்டில் கார் கிடையாது. அதனால்தான் கார் சார்ஜர் வாங்க வந்திருந்தோம்.

கீரமங்கலத்தில் பஸ் ஏறி, புதுக்கோட்டையில் இறங்கி, ஆட்டோ பிடித்து இந்தக் கடைக்கு வந்து சேர்ந்தோம். எங்களுக்கென்று இருக்கும் சொந்த வாகனம், உதைத்தால் எழும்பும் ஒரு பழைய மொபெட்.

எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர் மாப்பிள்ளை. கோயம்புத்தூரிலிருந்து என் மகள் இளமதியை ஏற்றிக்கொண்டு வருவார். சாப்பிடுவார். பொழுது சாய்வதற்குள் அவளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். கல்யாணமானதிலிருந்து ஒரு ராத்திரிகூட அவள் எங்கள் வீட்டில் தங்கியதில்லை.

போன தடவை என் வீட்டுக்காரர் தங்கச் சொல்லிக் கெஞ்சியபோது, மாப்பிள்ளை தெருவே கேட்கும்படி சொன்னார்: "வீட்ல ஒரு சார்ஜர் இருந்தா ரெண்டு நாள்கூட இருப்பேன் மாமா. இங்க எங்கிட்டுப் போயி சார்ஜ் போடுறது?"

இவருக்கு அது போதும். மாப்பிள்ளை தும்மினாலே துண்டோடு போய் நிற்கிறவர். கட்டில், பீரோ கொடுத்தாயிற்று. தலைதீபாவளிக்கு மோதிரமும் போட்டாயிற்று. சீர்வரிசையில் சார்ஜர் ஒன்றுதான் பாக்கி. எங்கள் சொந்தத்தில் இதுவரை யாரும் சார்ஜர் சீர் செய்ததில்லை என்பதை பஸ்ஸிலேயே ஊரெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

கடையில் டை கட்டிய பாலாஜி என்பவர், என்ன கார் என்று கேட்டார். இவர் செல்போனில் படம் காட்டினார். மாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காரில் சாய்ந்து நின்றார். கார் கொஞ்சம் தெரிந்தது. இளமதி ஓரத்தில் பாதி தெரிந்தாள்.

சுவரில் இரண்டு சார்ஜர்கள் மாட்டியிருந்தன. பெரியதற்குப் பளபளவென்று கண்ணாடி முகம், நீல விளக்கு, செல்போனில் பார்க்க ஆப். சிறியது எங்கள் மீட்டர் பெட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது.

"பெருசப் போட்டீங்கன்னா, மாப்ள சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சொருகினாப் போதுங்க ஐயா. சாயங்காலம் ஃபுல் ஆயிரும். கெளம்பிக்கிட்டே இருக்கலாம்."

இவருக்கு முகமெல்லாம் பல். மாப்பிள்ளையைத் தங்க வைக்க வந்த மனிதர், மாப்பிள்ளையைச் சீக்கிரம் அனுப்பி வைக்கிற பெட்டியை ஆசையாகத் தடவிக்கொண்டிருந்தார்.

"இதுக்குப் பூட்டு இருக்கா தம்பி? ஆளில்லாத நேரம் எதுத்த வீட்டுக்காரன் வந்து சொருகிட்டான்னா?"

எதிர்வீட்டு வெள்ளைச்சாமியிடம் இருப்பது சைக்கிள்.

பூட்டெல்லாம் ஆப்பிலேயே இருக்கிறது என்றார் பாலாஜி. சந்தனம் குங்குமம் வைத்தால் ஷாக் அடிக்குமா என்று இவர் அடுத்துக் கேட்டார். கம்பெனி டிரெய்னிங்கில் அதைச் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. பாலாஜி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

நான் அதுவரை வாயைத் திறக்கவில்லை. கடைக்கு என்னைக் கூட்டி வருவது பை தூக்கத்தான். நானும் பொறுப்பாக ஒரு கட்டைப்பை கொண்டு வந்திருந்தேன்.

"அந்தச் சின்னது எம்புட்டு நேரம் எடுக்கும் தம்பி?"

பாலாஜி அதைத் திரும்பிப் பார்த்த விதத்தில், அதன்மேல் அவருக்கே மரியாதை இல்லை என்று தெரிந்தது. "அதுங்களாம்மா? ராத்திரி பூரா போட்டு வச்சாத்தான் காலையில ஃபுல் ஆகும்."

"அதையே குடுங்க."

"என்னடி நீ, மாப்பிள்ளைக்குப் போயி சின்னதா?" என்று இவர் குதித்தார். கஞ்சத்தனம் என் பிறவிக் குணம் என்பதைப் பாலாஜிக்கும், கடைக்கு வந்திருந்த மற்றவர்களுக்கும் விளக்கினார். விளக்கட்டும் என்று விட்டேன்.

"பெருசப் போட்டு, மாப்ள வந்த அன்னைக்கு மெயின் ட்ரிப் ஆயி வீடே இருட்டாக் கெடந்தா ஒங்களுக்குப் பரவால்லையா?"

தனியாக ஒரு லைன் இழுத்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்ல பாலாஜி வாயெடுத்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன். பாவம், விவரமான ஆள். மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளை பாதி சார்ஜில் கிளம்பிவிடுவாரே என்ற பயம் எனக்கு இல்லை. சாம்பாரில் உப்பு ஒரு கல் குறைந்தாலே தட்டைத் தள்ளுகிறவர் அவர். நூறு காட்டாமல் வண்டியைத் தொட மாட்டார். அந்தக் குணத்தால் எங்களுக்கு ஒரு பிரயோசனம் இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் கூடத்தில் படுத்துக் குறட்டை விடட்டும். அதற்கு ஒரு ஏசி மாட்ட வேண்டுமென்றாலும் மாட்டிக்கொள்ளலாம். ஒரே ஒரு ராத்திரி என் மகள் என் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பில் போடும்போது இவர் என் காதருகே வந்தார். "நெசமாவே ட்ரிப் ஆகுமா?"

"ஆகாது. புள்ள ஒரு ராத்திரி தங்கட்டுமேன்னுதான்."

இவர் சிரித்தார். பொம்பளைகளுக்கே இந்தப் பாசம் ஒரு வியாதி என்று பாலாஜியிடம் சொன்னார். பாலாஜியும் மரியாதைக்குச் சிரித்தார்.

மிச்சத்தை நான் இவரிடம் சொல்லவில்லை.

போன தடவை வந்தபோது இளமதி அடுப்படிக்குள் வந்தாள். கழுவுவதற்கு ஒரு பாத்திரம்கூட இல்லை. இருந்தும் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் கொட்டுகிற சத்தத்துக்குள் என் தோளை ஒட்டி நின்றாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். அப்பாவுக்குத் தெரிய வேணாம்."

வாசலில் ஹாரன் அடித்தது.

அவள் சட்டென்று குழாயை மூடினாள். "வாரேம்மா" என்று வாசல் வரை கேட்கும்படி சத்தமாகச் சொல்லிவிட்டு, ஓடிப்போய்க் காரில் ஏறிக்கொண்டாள்.