வெள்ளைக் கோடுகள்

பகலிலேயே இருட்டிக்கொண்டு மழை பெய்கிறது; குரியாகோஸ் சேட்டனின் முகத்தில் கணினித் திரையின் நீலம் படிந்திருக்கிறது. போன வருடம் இறந்துபோன மகள் டெஸ்ஸியின் படங்களை அவர் தவறுதலாக அழித்துவிட்டார், மீட்டுத் தர வா என்று அவர் மனைவி ஏலியாம்மா சேச்சி கூப்பிட்டதால் ஓடிவந்திருக்கிறேன். அதற்குள் அவராகவே டிஸ்க்கை ஒழுங்குபடுத்தும் மென்பொருளை ஓடவிட்டிருக்கிறார். “சிதறினதையெல்லாம் ஒண்ணு சேர்க்கும்னு அதுலயே போட்டிருக்கு மோனே. காலையில ஒரே சிவப்பு. இப்போ பாரு!” “ரிப்பேர் பண்றேன்னு சுவர்க்கடிகாரத்தைக் கொன்ன மனுஷன் இவரு,” என்கிறாள் சேச்சி, என்றாலும் திரையில் தெறித்த சாரலைச் சேலைத் தலைப்பால் பதமாக ஒற்றி எடுக்கிறாள். சிதறிய கோப்புகளைக் காட்டும் சிவப்புக் கோடுகள் ஒவ்வொன்றாக நீலமாகி, வெள்ளை இடைவெளிகளில் போய் உட்காருகின்றன. வெள்ளை என்றால் காலியிடம். அழித்த படங்கள், அவற்றின் மேல் வேறொன்று எழுதப்படும்வரை, அந்த வெள்ளைக்குள்தான் கிடக்கும். பெட்டிக்குள் டிஸ்க் கரகரவென்று அரைத்துக்கொண்டிருக்கிறது. நிறுத்துவதற்காக மௌஸை நோக்கிக் கையை நீட்டுகிறேன். சேட்டன் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொள்கிறார். “நிறுத்திடாதே மோனே. நடுவுல இன்னும் ரெண்டே ரெண்டு வெள்ளைதான் பாக்கி.”