வெயிலில் நின்ற டயர்கள்

“நாலையும் மாத்திடுங்க” என்றாள் லோர்னா.

டூசான் நகர டயர் கடைக்காரர் வெர்ன், அவள் காருக்குப் பின்னால் இழுத்து வந்திருந்த வீட்டு டிரெய்லரின் கீழே குனிந்து பார்த்தார்.

“டயர் பட்டன் தேயவே இல்லையேம்மா.”

“ஓடினாத்தானே தேயும்? ஏழு வருஷமா வாசல்ல வெயில்ல காஞ்சு ரப்பர் செத்துப்போச்சு. டயரோட பக்கவாட்டுல விரல் வச்சுப் பாருங்க.”

வெர்ன் தடவினார். மெல்லிய வெடிப்புகள் விரலில் தட்டின.

“கிளின்ட் ஸ்டியரிங் பிடிச்சா எண்பது மைலுக்குக் கீழ இறங்க மாட்டார். டயரைப் பத்திச் சொன்னா, ‘புதுசாட்டம் இருக்கு, நீ ஒரு பயந்தாங்கொள்ளி’ன்னு சிரிக்கிறார்.”

“இப்படி ஒரு பொண்டாட்டி கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும். ரெண்டு பேரும் நல்லபடியா போயிட்டு வாங்க.”

“நான் போகலை. டிரெய்லர் அவருக்குன்னு கோர்ட்டுல தீர்ப்பாயிடுச்சு. சாயங்காலம் புதுப் பொண்டாட்டியோட வந்து எடுத்துட்டுப் போவார்.”

கடைசிப் புது டயரை மாட்டி நட்டை முடுக்கிக்கொண்டிருந்த வெர்ன் நிமிர்ந்து பார்த்தார்.

“அப்புறம் நீங்க எதுக்கும்மா செலவு பண்றீங்க?”

“லீவுக்கு என் பசங்க ரெண்டு பேரும் அவரோடதான் போறாங்க” என்றாள் லோர்னா. “அந்த நட்டை இன்னொரு தடவை முடுக்குங்க.”