பதினான்கு அஞ்சலுக்கும் மஞ்சள்

சேலம் அஸ்தம்பட்டியில் இணையதளம் செய்துதரும் மாடி அலுவலகத்தின் சன்னல் வெயில் கிருத்திகாவின் கணினித் திரையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ராசிபுரம் சேலைக் கடைக்காரர் சபரிநாதன் அவள் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார், கையில் மஞ்சள் குழைத்த கிண்ணம். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு இராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் அவருடைய இணையக் கடை திறந்தாக வேண்டும். இன்னும் ஆறு நிமிடம். "ஏனுங்க, நல்ல காரியத்துக்குப் போற கடுதாசி. நாலு மூலையிலயும் மஞ்ச இல்லாமப் போனா நல்லாருக்குமுங்களா?" கடுதாசி என்று அவர் சொல்வது வாடிக்கையாளருக்குப் போகிற மின்னஞ்சலை; அது பதினான்கு வகை. கேட்டுவிட்டு அவரே கடிகாரத்தைப் பார்த்து உதட்டைக் கடிக்கிறார். கிருத்திகா ஒரே ஒரு கோப்பைத் திறக்கிறாள். பதினான்குக்கும் பொதுவான டெம்ப்ளேட் அது. அதன் நான்கு மூலைக் கட்டங்களுக்கும் மஞ்சள் நிறம் கொடுத்து, விசையைத் தட்டுகிறாள். வரவேற்பு அஞ்சலின் மூலைகள் மஞ்சளாகின்றன. ஆர்டர் அஞ்சல், பார்சல் கிளம்பிய அஞ்சல், தீபாவளித் தள்ளுபடி, எல்லாமே மஞ்சள் பூசிக்கொண்டு வரிசையாக வந்து நிற்கின்றன. சபரிநாதன் கிண்ணத்தை மேசையில் வைக்கிறார். கடைசி அஞ்சலுக்கு வந்ததும் அவள் விரல் நின்றுவிடுகிறது. 'வருந்துகிறோம், நீங்கள் கேட்ட சேலை தீர்ந்துவிட்டது.' அதன் மூலைகளிலும் பளிச்சென்று மஞ்சள். "ஐயோ, இதுக்கு மட்டும் எடுத்துடறேனுங்க." அவர் குனிந்து படிக்கிறார். முகமெல்லாம் சிரிப்பு. "இருக்கட்டும் உடுங்க. கோவமாப் படிக்கப் போறது அந்த ஒண்ணைத்தானுங்க. அதுக்குத்தான் மொதல்ல மஞ்ச வேணும்."